முன் அனுபவம் தேவையில்லை!

பெரிய கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது என்னென்ன குணங்களைப் பார்க்கின்றன? இந்தக் கேள்விக்கு எங்க ஏரியாவுல ரெண்டு பதில் இருக்குங்க.

முதல் பதிலைக் காலேஜ் செமினார் ஹாலில் பார்க்கலாம். டை கட்டிய ஒருத்தர் ப்ரொஜக்டரோட வந்து பத்து பாயிண்ட் சொல்வார். பேச்சுத் திறன், குழுவாக வேலை செய்வது, தலைமைப் பண்பு, கத்துக்கிற ஆர்வம், நேர்மை, நேரம் தவறாமை, பிரச்சினையைத் தீர்க்கிற திறமை, இத்யாதி இத்யாதி. கடைசி ஸ்லைடில் மலை உச்சியில ஒருத்தன் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிற்பான். (அவன் எந்தக் கம்பெனியில சேர்ந்தான்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.)

ரெண்டாவது பதிலுக்கு செமினார் ஹால் வேண்டாம். ஒரகடம் ஜங்ஷன்ல பஸ்ஸை விட்டு இறங்கி ஈ.பி. கம்பத்தையும் டீக்கடைச் சுவரையும் பார்த்தாலே போதும். ஆட்கள் தேவை. வயது 18 முதல் 25 வரை. பத்தாவது, பன்னிரண்டாவது, ஐ.டி.ஐ., டிப்ளமோ, எனி டிகிரி. பஸ், கேன்டீன், ரூம் வசதி உண்டு. முன் அனுபவம் தேவையில்லை. கீழே ஒரு செல் நம்பர். அவ்வளவுதான்.

இந்த ரெண்டு பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒண்ணுல இருக்கிற ஒரு வார்த்தை கூட இன்னொண்ணுல கிடையாது. அப்ப எது உண்மை, எது டுபாக்கூர்?

என் கட்சி என்னன்னா, ரெண்டுமே உண்மை. அதான் பிரச்சினையே. முதல் பட்டியல்ல இருக்கிற குணங்கள் கம்பெனிக்கு நிஜமாவே தேவை. ஆனா ஆள் எடுக்கிறது ரெண்டாவது பட்டியலை வெச்சு. அந்தக் குணமெல்லாம் ஒருத்தன்கிட்ட ஊறி முத்துற நேரம் பார்த்து அவனை கேட்டுக்கு வெளியே அனுப்பிட்டு, அடுத்த 18 வயசுக்காரனுக்கு நோட்டீஸ் ஒட்டுறாங்க. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

கொஞ்சம் பூகோளம்

நம்ம பதிவர்கள்ல பாதிப்பேர் பொட்டி தட்டுற கோஷ்டி. வேலை, இன்டர்வியூன்னாலே டைடல் பார்க்கும் சிறுசேரியும்தான் ஞாபகம் வரும். அவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம்.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ரோட்டுல போனா இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். அங்கேருந்து தெற்கே திரும்பினா வல்லம் வடகால், ஒரகடம். முன்னெல்லாம் ஸ்ரீபெரும்புதூர்னா ராமானுஜர் அவதாரத் தலம். 1991-க்கு அப்புறம் ராஜீவ் காந்தி நினைவிடம். 1998-ல ஹூண்டாய் முதல் சான்ட்ரோவை இருங்காட்டுக்கோட்டையில இருந்து வெளியே விட்டதுக்கு அப்புறம் ஊரோட ஜாதகமே மாறிடுச்சு. 2000-ல செயின்ட் கோபெய்ன் கண்ணாடி, 2006-ல நோக்கியா, 2007-ல சாம்சங், 2010-ல ஒரகடத்துல ரெனோ நிஸ்ஸான், 2012-ல டைம்லர் லாரி, 2013-ல ராயல் என்ஃபீல்டு. இவங்களுக்கெல்லாம் சீட்டு, ஒயர், கண்ணாடி, பிளாஸ்டிக், போல்ட் நட்டு சப்ளை பண்ற வெண்டர் கம்பெனிகள் எத்தனை இருக்குன்னு எண்ணி முடியாது. அடியேன் ஆணி புடுங்கிறது அப்படி ஒரு வெண்டர் கம்பெனியோட குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல. பேரு வேண்டாம், சம்பளம் வரணும் :-)

ஷிஃப்ட் மாறுற நேரத்துல இந்த ரோட்டுல நின்னு பாருங்க. வரிசையா கம்பெனி பஸ். உள்ளே கழுத்துல ஐ.டி. கார்டோட தூங்கிக்கிட்டு வர்றது எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைங்க. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ராமநாதபுரம்னு தமிழ்நாட்டுல எங்கெங்கிருந்தோ வந்தவங்க. இப்போ ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அஸ்ஸாம் பிள்ளைங்களும் நிறைய. முப்பத்தஞ்சு வயசுக்காரங்க ரொம்பக் கம்மி. அவங்கெல்லாம் எங்கே போனாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா?

கம்பெனி கேக்கிறதுல நியாயமானது எது?

முதல்ல கம்பெனி பக்கம் நின்னே பேசிடறேன். எடுத்த எடுப்புல முதலாளி ஒழிகன்னு எழுதுறதுக்கு இங்க நிறைய பதிவர்கள் இருக்காங்க. என்னை விட நல்லாவும் எழுதுறாங்க.

கார் கம்பெனி லைன்ல நேரம் நிமிஷக் கணக்குல கூட இல்லை, செகண்ட் கணக்குல ஓடுது. பெரும்பாலான பாகங்களை யாரும் மாசக் கணக்குல குடோன்ல அடுக்கி வைக்கிறது கிடையாது. வெண்டர்கிட்ட இருந்து லாரி வரணும், இறங்கணும், லைனுக்குப் போகணும். எங்க கம்பெனியில ஒரு ஷிஃப்ட்டுக்கு நாலு பேர் சொல்லாம கொள்ளாம லீவு போட்டா, அதோட எஃபெக்ட் சில மணி நேரத்துல பெரிய கம்பெனி லைன்ல தெரியும். அதனால "ஒழுங்கா வேலைக்கு வருவியா?"ன்னு கேக்கிறது நூத்துக்கு நூறு நியாயம். செமினார் ஸ்லைடில் நேரம் தவறாமைன்னு ஒரு வரியில முடிஞ்சு போறது இங்க உயிர்நாடி.

இன்னொண்ணு, மெடிக்கல் டெஸ்ட்ல கலர் கலரா புள்ளி வெச்ச அட்டையைக் காட்டி உள்ளே என்ன நம்பர் தெரியுதுன்னு கேப்பாங்க. அது சும்மா பந்தா இல்லை. ஒயர் ஹார்னஸ்ல சிவப்பு ஒயர், பச்சை ஒயர், ஆரஞ்சு ஒயர் எல்லாம் ஒண்ணாத்தான் வரும். பிரிச்சுப் பார்க்கத் தெரியலைன்னா ஆபத்து வண்டி ஓட்டுறவனுக்கு. வேலைக்கும் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கு, ஒத்துக்கலாம்.

மூணாவது ரொம்ப முக்கியம். தப்பைப் பார்த்தா கையைத் தூக்குற குணம். டொயோட்டா புண்ணியத்துல உலகம் பூரா பரவின ஒரு ஏற்பாடு இருக்கு. லைன்ல நிக்கிற யாரா இருந்தாலும், ஏதாவது தப்பாத் தெரிஞ்சா ஒரு கயிறை இழுக்கணும், இல்லேன்னா பட்டனை அழுத்தணும். மேலே விளக்கு எரியும், சூப்பர்வைசர் ஓடி வரணும், தேவைப்பட்டா லைனே நிக்கும். இதுக்கு ஜப்பான் பாஷையில ஆண்டான்னு பேரு. விளக்குன்னு அர்த்தமாம். நம்ம ஊர்ல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். பேரு ஆண்டான், ஆனா இழுக்க வேண்டியது லைன்ல அடிமட்டத்துல நிக்கிற பையன் :-)

இழுக்கிறதுக்கு ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, தப்பு எதுன்னு கண்டுபிடிக்கிற அனுபவம். ரெண்டு, "லைனை நிறுத்தினா திட்டுவாங்களோ"ன்னு பயப்படாத தைரியம். இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

தாலிக்கும் மதர்போர்டுக்கும் என்ன சம்பந்தம்?

இப்ப நியாயமில்லாத பக்கத்துக்கு வருவோம். 2024 ஜூன் மாசம் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் அசெம்பிள் பண்ற ஃபாக்ஸ்கான் ஆலையில, கல்யாணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுக்கிறதில்லைங்கிறதுதான் விஷயம். அவங்ககிட்ட பேசின ஏஜென்ட்டுகளும், முன்னாள் ஹெச்.ஆர். ஆட்களும் சொன்ன காரணங்கள்: குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி லீவு, அப்புறம் தாலி மெட்டி மாதிரி உலோக நகை. ஆர்டர் குவிஞ்சு ஆள் பத்தாத சமயத்துல மட்டும் இந்தக் கட்டுப்பாடு தளருமாம். அதாவது ஆள் பத்தலைன்னா தாலி உறுத்தாது, ஆள் நிறைய இருந்தா உறுத்தும்!

ஃபாக்ஸ்கான் இதை மறுத்தது. 2022-ல ஆள் எடுக்கிறதுல சில குறைகள் இருந்தது, சரி பண்ணிட்டோம்னு ஆப்பிள், ஃபாக்ஸ்கான் ரெண்டு பேரும் சொன்னாங்க. அந்த வருஷம் ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பெண்கள் தங்கற பிரம்மாண்ட விடுதித் திறப்பு விழாவுக்கு வந்த ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியு, கல்யாணமான பெண்களோட பங்களிப்பு ரொம்பப் பெரிசுன்னு மேடையிலேயே பேசினார். நவம்பர்ல இன்னொரு செய்தி. விளம்பரத்துல வயசு, பாலினம், கல்யாணம் பத்தி எதையும் போடக் கூடாதுன்னு ஏஜென்ட்டுகளுக்கு ஃபாக்ஸ்கான் சொல்லிட்டதாக.

தொழிலாளர் துறை அதிகாரிகள் 2024 ஜூலையில ஆலைக்குப் போய்ப் பார்த்த கணக்கும் வெளியே வந்தது. மொத்த ஊழியர் 41,281. அதுல பெண்கள் 33,360. அதுல கல்யாணமானவங்க 2,750, கிட்டத்தட்ட 8 சதவீதம். பாகுபாடு இல்லைன்னு அறிக்கை முடிஞ்சுது. ஆள் எடுத்த ஆவணங்களைப் பார்க்காம எப்படி இந்த முடிவுக்கு வந்தீங்கன்னு தேசிய மனித உரிமை ஆணையம் அப்புறம் கேட்டது.

சட்டம் என்ன சொல்லுது? ஆணா பெண்ணான்னு பார்த்து வேலை மறுக்கக் கூடாதுன்னு 1976-லயே சம ஊதியச் சட்டம் வந்தாச்சு. 2025 நவம்பர் 21 முதல் அது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு. ஆனா "கல்யாணம் ஆச்சா"ன்னு பார்த்து ஆள் எடுக்காதேன்னு தனியார் கம்பெனியை நேரடியாத் தடுக்கிற சட்டம் நம்ம நாட்டுல இல்லை.

ஒரு கம்பெனியை மட்டும் குறி வெச்சு அடிக்கிறதா நினைக்காதீங்க. அவங்க பேரு பேப்பர்ல வந்தது, அவ்வளவுதான். விளம்பரத்துல போடாட்டியும் கேள்வி போகாது. "வீட்ல யார் யார் இருக்காங்கம்மா? அலையன்ஸ் ஏதாவது பார்க்கிறாங்களா?"ன்னு பாசமாக் கேட்டாலும் அது அதே கேள்விதான்.

ஃபோர்டு ஐயா தேடினது யாரை?

இது நம்ம ஊர்ல புதுசா முளைச்ச வியாதி இல்லைங்க. ஹென்றி ஃபோர்டு 1914-ல தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு அஞ்சு டாலர்னு அறிவிச்சார். அந்தக் காலத்துல அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கூலி. ஏன் அவ்வளவு தாராளம்? அதுக்கு முந்தின வருஷம், சுமார் 14,000 பேரை வேலையில வெச்சுக்க அவர் 52,000 பேருக்கு மேல வேலைக்கு எடுக்க வேண்டி இருந்துச்சு. சேர்றவன் எல்லாம் ஓடிக்கிட்டே இருந்தான்.

அஞ்சு டாலரும் சும்மா கிடைக்கல. கம்பெனியில சமூகவியல் துறைன்னு ஒண்ணு வெச்சு, ஆட்களை வீடு வீடா அனுப்பினாங்க. குடிக்கிறானா, காசு சேர்க்கிறானா, வீடு சுத்தமா இருக்கா, பெண்டாட்டி பிள்ளைகளை ஒழுங்காப் பார்த்துக்கிறானான்னு விசாரிச்சு, பாஸ் ஆனவனுக்குத்தான் முழுக் கூலி. ஃபோர்டு ஐயாவுக்குப் பிடிச்ச ஆள் யாருன்னா, 22 வயசு தாண்டி, கல்யாணம் ஆகி, குடும்பத்தோட இருக்கிற ஆள்!

கவனிச்சீங்களா? ஃபோர்டு கல்யாணமானவனைத் தேடினார். நம்ம கம்பத்து நோட்டீஸ் கல்யாணமாகாதவங்களைத் தேடுது. ரெண்டு பேருமே அதை "நல்ல குணம்"னுதான் சொன்னாங்க. எப்படி ஒரே விஷயம் அங்கே தகுதி, இங்கே குறை?

விடை சுலபம். ஃபோர்டுக்கு ஆள் தங்கணும். குடும்பஸ்தன் ஓட மாட்டான். இங்க ஆள் ரொம்ப நாள் தங்கக் கூடாது. வேலைக்கு வந்து, ரெண்டு மூணு வருஷம் கலக்கலா உழைச்சு, சத்தமில்லாம ஊருக்குப் போயிடணும். அதுக்கு 19 வயசுப் பையனும் பொண்ணும்தான் தோது. குணம்னு எழுதியிருக்கிற இடத்துல, ஒரு ஆள் எத்தனை நாள் தங்கினா லாபம்ங்கிற கணக்கு உட்கார்ந்திருக்கு.

480 நாள் கணக்கு

ஏன் தங்கக் கூடாது? தமிழ்நாட்டுல 1981-ல ஒரு சட்டம் போட்டாங்க. ஒரு தொழிலாளி 24 மாசத்துக்குள்ள 480 நாள் தொடர்ச்சியா வேலை பார்த்தா அவரை நிரந்தரமாக்கணும். நல்ல சட்டம். ஆனா அந்த 480-ஐத் தொடாம இருக்கத்தான் பல இடத்துல மூளையைக் கசக்குறாங்க. கான்ட்ராக்ட் மாத்துவாங்க, நடுவுல பிரேக் குடுப்பாங்க. இல்லேன்னா ஆளுக்கே வேற பேரு வெச்சுடுவாங்க. அப்ரண்டீஸ், டிரெய்னி, இன்னும் என்னென்னவோ.

1961 அப்ரண்டீஸ் சட்டப்படி பயிற்சியில இருக்கிறவர் தொழிலாளி கிடையாது. பயிற்சி முடிஞ்சதும் வேலை குடுத்தே ஆகணும்னும் இல்லை, 2014 திருத்தத்துக்கு அப்புறம் அது அந்தந்தக் கம்பெனியோட கொள்கை. 2013-ல மத்திய அரசு கொண்டு வந்த நீம் திட்டத்துல மூணு வருஷம் வரைக்கும் பயிற்சியில வைக்கலாம்னு இருந்துச்சு, பிற்பாடு அதை நிறுத்திட்டாங்க. பயிற்சிங்கிறது நல்ல விஷயம்தான். ஆனா மூணு மாசத்துல கத்துக்கக் கூடிய வேலைக்கு மூணு வருஷப் பயிற்சின்னா, யாரு யாருக்குப் பயிற்சி குடுக்கிறாங்கன்னு கேக்கத் தோணுமா தோணாதா?

எங்க லைன்ல நடந்த ஒண்ணைச் சொல்றேன். கனெக்டர் மாட்டுற வேலைக்கு ஒரு மந்திரம் உண்டு: தள்ளு, சத்தம் கேளு, இழுத்துப் பாரு. உள்ளே சரியா உட்கார்ந்தா "டிக்"னு சத்தம் வரும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், ரெண்டரை வருஷ டிரெய்னி. அந்த இரைச்சல்லயும் அவனுக்குப் பக்கத்து டேபிள் "டிக்" கூட கேக்கும். "அண்ணே, இந்த லாட் சத்தம் சரியில்லைண்ணே"ன்னு ஒரு நாள் கொண்டு வந்து குடுத்தான். பார்த்தா பிளாஸ்டிக் லாக்ல ஒரு தலைமுடி அளவு தேய்மானம். அளந்தாத்தான் தெரியும். அந்த லாட் வெளியே போயிருந்தா எத்தனை வண்டியில விளக்கு எரியாம நின்னிருக்கும்னு சாமிக்குத்தான் வெளிச்சம்.

செமினார் ஸ்லைடில் இருக்கிற பத்துக் குணத்துல ஏழு அவன்கிட்ட இருந்துச்சு. கயிறை இழுக்கிற அனுபவமும் இருந்துச்சு, தைரியமும் இருந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு பயிற்சிக் காலம் முடிஞ்சுதுன்னு சர்ட்டிபிகேட் குடுத்து, கேக் வெட்டி அனுப்பிட்டாங்க. அவன் டேபிளுக்குப் புதுசா மூணு பேரை மாத்தி மாத்திப் போட்டோம். ரிஜெக்‌ஷன் பழைய அளவுக்கு இறங்க ரெண்டு மாசம் ஆச்சு. அந்த நஷ்டத்தை எந்த ஹெச்.ஆர். ரிப்போர்ட்லயும் யாரும் எழுதல. எழுதறதுக்கு அங்க கட்டமே கிடையாது.

நோக்கியா அக்காக்கள்

நோக்கியா 2006-ல ஆரம்பிச்சு 2014 நவம்பர் 1-ம் தேதி மூடினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். லைன்ல பெரும்பாலும் பெண்கள். அதே வளாகத்தை வாங்கி, சார்ஜர் தயாரிக்கிற சால்காம்ப் 2020-ல உற்பத்தியைத் தொடங்குச்சு. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 2006-ல 20 வயசுல வேலைக்குச் சேர்ந்த பொண்ணுக்கு கம்பெனி மூடும்போது 28. அதே கட்டடத்துல மறுபடி விளக்கு எரியும்போது 34. குட்டிக் குட்டி பாகங்களைக் கையாண்டு எட்டு வருஷக் கைப்பழக்கம். கம்பத்து நோட்டீஸ்ல வயசு வரம்பு 25. அந்தக் கைக்கு இந்த ரோட்டுல என்ன மதிப்பு?

இங்க திரும்ப செல்போன் தயாரிப்பு வந்தப்போ, "பயிற்சி பெற்ற ஆள் கிடைக்கல, திறன் பற்றாக்குறை"ன்னு மேடைக்கு மேடை பேசினாங்க. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. அவ்வ்வ்வ்...

ஆட்டிட்யூட்

இன்டர்வியூவுல இப்ப ரொம்ப அடிபடுற வார்த்தை ஆட்டிட்யூட். "ஸ்கில் நாங்க சொல்லிக் குடுத்துக்குவோம், ஆட்டிட்யூட் சரியா இருக்கணும்"பாங்க. கேக்க இனிமையா இருக்கும். கத்துக்கிற மனசுன்னு அர்த்தம் எடுத்துக்கிட்டா நானும் கை தட்டுவேன். ஆனா பல இடத்துல அதுக்குத் தமிழ் அர்த்தம் "எதிர்த்துப் பேச மாட்டான்".

சாம்சங் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில 2024 செப்டம்பர் 9-ம் தேதி ஆரம்பிச்ச வேலைநிறுத்தம் ஒரு மாசத்துக்கு மேல நடந்துச்சு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி செய்யற ஆலை. முக்கியமான கோரிக்கை, எங்க சங்கத்தை அங்கீகரிக்கணும்ங்கிறது. பதிவு கிடைக்க அவங்க கோர்ட்டு வரைக்கும் போக வேண்டி இருந்துச்சு. 2025 ஜனவரியிலதான் சங்கம் பதிவாச்சு. சங்கம் சரியா தப்பான்னு இங்க கும்மி அடிக்கப் போறதில்லை. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அந்தத் தொழிலாளிகளும் ஒரு காலத்துல "நல்ல பையன், அமைதியான பையன்"னு பார்த்து எடுக்கப்பட்டவங்கதான். பத்துப் பதினஞ்சு வருஷம் ஒரே இடத்துல நின்னு வேலை பார்த்தா யாருக்கும் பேச்சு வரும். தன் உழைப்போட விலை தெரியும்.

இங்கதான் அந்தக் கயிறு. தப்பைப் பார்த்தா லைனை நிறுத்துற தைரியம் வேணும்னு கம்பெனி சொல்லுது. ஆனா தன் சம்பளச் சீட்டுல தப்பைப் பார்த்தா வாயைத் திறக்கக் கூடாதாம். ஒரே ஆள்கிட்ட ஒரு தைரியம் மட்டும் இருக்கணும், இன்னொண்ணு இருக்கக் கூடாதுன்னா அது நடக்கிற காரியமா? பயந்தவன் கயிறையும் இழுக்க மாட்டான். கெட்டுப்போன பாகம் அப்படியே பாக்ஸுக்குள்ள போகும். குவாலிட்டியில இருக்கிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அப்ப வருஷக் கணக்கு போதுமா?

"சரிடா, அனுபவஸ்தனை மட்டும் எடுத்தா எல்லாம் சரியாயிடுமா?"ன்னு நீங்க கேக்கலாம். இல்லை. பால் சாக்கெட் தலைமையில சில உளவியல் ஆய்வாளர்கள் 2022-ல ஆள் தேர்வு முறைகளைப் பத்தின பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி மறுகணக்குப் போட்டாங்க. யார் நல்லா வேலை செய்வாங்கன்னு கண்டுபிடிக்கிறதுல முன்னால வந்தது, எல்லார்கிட்டயும் ஒரே கேள்வியை ஒரே முறையில கேட்டு மார்க் போடற இன்டர்வியூ. வேலை பத்தின அறிவைச் சோதிக்கிறது, வேலையைச் செஞ்சு காட்டச் சொல்றது எல்லாம் அதுக்குப் பக்கத்துலயே வருது. வெறும் "எத்தனை வருஷ அனுபவம்"ங்கிறது ரொம்ப பலவீனமான அளவுகோல்.

நியாயம்தானே? இருபது வருஷமா கனெக்டரைத் தப்பா மாட்டுறவனும் இருக்கான். அதனால வருஷத்தை எண்ணாதீங்க, வயசையும் எண்ணாதீங்க. ஒரு டேபிள் போட்டு, பத்து கனெக்டர் வெச்சு, அதுல ரெண்டு டுபாக்கூர் கனெக்டரைக் கலந்து, "மாட்டுப்பா, தப்பு இருந்தா சொல்லு"ன்னு விடுங்க. இருபது நிமிஷத்துல தெரிஞ்சிடும். 34 வயசு அக்கா வந்தாலும், 19 வயசுத் தம்பி வந்தாலும் அதே டேபிள், அதே கனெக்டர். இதுக்குப் பெரிய கன்சல்டன்ட் எல்லாம் வேண்டாம்.

இந்த வியாதி ஆபீஸ் பக்கமும் உண்டு. பத்தாவதுல இருந்து எல்லாத்துலயும் 60 சதவீதம், அரியர் கூடாது, நடுவுல ஒரு வருஷம் கேப் இருந்தா விளக்கம் குடு. பதினஞ்சு வயசுல மஞ்சக்காமாலை வந்து பரீட்சையில கோட்டை விட்டவன் இருபத்திரண்டு வயசுல ஏன் டிராயிங் படிக்கத் தெரியாதவனா இருக்கணும்? ஆயிரம் பேர் வர்ற இடத்துல வடிகட்ட ஒரு சல்லடை வேணும்ங்கிறது புரியுது. சல்லடை ஓட்டை எந்த அளவுன்னு வேலையைப் பார்த்து முடிவு பண்ணணும், வசதியைப் பார்த்து இல்லை.

தம்பி தங்கச்சிகளுக்கு

ஊர்ல இருந்து சர்ட்டிபிகேட் ஃபைலோட பஸ் ஏறப் போற தம்பி தங்கச்சிங்க உங்க வீட்டுல இருந்தா இதை மட்டும் படிச்சுக் காட்டுங்க.

1. ஆஃபர் லெட்டர்ல உன் பேருக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு பாரு. தொழிலாளியா, அப்ரண்டீஸா, டிரெய்னியா, கான்ட்ராக்டா? சம்பளத்தை விட முக்கியமான வரி அதுதான்.

2. சம்பளம் தர்றது கம்பெனியா, ஏஜென்சியா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. யார் பேர்ல கட்டுவாங்க? கேக்கிறதுக்குக் கூச்சப்படாதே.

3. போன வருஷம் இதே மாதிரி சேர்ந்தவங்கள்ல எத்தனை பேரை நிரந்தரம் பண்ணாங்கன்னு கேளு. பதில் வராட்டியும் அவங்க முகத்துல பதில் வரும்.

4. வேலை வாங்கித் தர்றேன்னு முன்பணம் கேக்கிறவன் நம்பரை அப்பவே அழிச்சிடு. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை யார்கிட்டயும் விட்டுட்டு வராதே.

5. உள்ளே இருக்கிற நாள்ல என்ன மெஷின், என்ன வேலை, என்ன பிரச்சினையைச் சரி பண்ணினேன்னு ஒரு நோட்டுல எழுதி வை. நாளைக்கு "முன் அனுபவம்" கேக்கிற ஒரு நல்ல கம்பெனி வந்தா அந்த நோட்டுதான் உன் சர்ட்டிபிகேட்.

6. சாயங்காலம் ரூம்ல ரீல்ஸ் பார்க்கிற நேரத்துல பாதி நேரம் போதும், டிராயிங் படிக்கவோ, பி.எல்.சி.யோ, கொஞ்சம் இங்கிலீஷோ கத்துக்க. கம்பெனிக்காக இல்லை, 26-வது வயசுல வரப்போற உனக்காக.

ஹெச்.ஆர்.ல இருக்கிற பதிவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்க கையில இருக்கிற ஃபாரத்துல ஒவ்வொரு கேள்வி பக்கத்துலயும், "இது வேலைக்காகக் கேக்கிறோமா, ஆளைச் சீக்கிரம் அனுப்பறதுக்காகக் கேக்கிறோமா?"ன்னு பென்சில்ல எழுதிப் பாருங்க. ரெண்டாவது ரகம் எத்தனை தேறுதோ, அத்தனையையும் அடிச்சிடுங்க. மேலிடம் கேட்டா, ரிஜெக்‌ஷன் குறையும் சார்னு சொல்லுங்க. அது பொய்யும் இல்லை.

நல்ல குணமுள்ள ஆட்களுக்கு இந்த ரோட்டுல என்னைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. தினம் மூணு ஷிஃப்ட்டும் பஸ் பஸ்ஸா வந்து இறங்குறாங்க. அவங்க தேர்ந்து வர்ற நேரத்துல அவங்களை வெச்சுக்கிற குணம்தான் கம்பெனிகள்கிட்ட குறைவா இருக்கு.

டிஸ்கி 1: இந்தப் பதிவுல வர்ற என் கம்பெனிக் கதைக்கும், மேலே பேர் சொன்ன எந்தக் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை. யாரும் ஆட்டோ அனுப்ப வேண்டாம்.

டிஸ்கி 2: ஓசூர், கோவை, திருப்பூர் பக்கம் இருக்கிற பதிவர்கள், உங்க ஊர்க் கம்பத்துல என்ன ஒட்டியிருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. வயசு வரம்பு 40-ன்னு ஒரே ஒரு நோட்டீஸ் பார்த்திருந்தாலும் சொல்லுங்க, எங்க லைன்ல கனெக்டர் மாட்டின பல பேருக்கு அந்த நம்பரை அனுப்பணும்.